டீச்சரம்மா மலையேறிட்டாங்க

டெலிபோன் ஆபரேட்டர் வேலை என்பது ஊரார் வயிற்றுக் கலக்கத்தையெல்லாம் வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலை. வெளியூருக்கு டிரங்க்கால் பதிவு செய்துவிட்டு, எப்போது மணி அடிக்கும் என்று போனையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் நீங்களும் ஒருவரென்றால், இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கம்பியின் அந்தப் பக்கம் நீங்கள் பட்ட பாட்டைத்தான் இந்தப் பக்கம் நாங்கள் பட்டோம். உங்களுக்காவது உங்கள் வீட்டுப் பயம் மட்டும். எங்களுக்குக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தின் பயம் மொத்தமும் வந்து சேரும்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் கொந்தளித்துக் கிடந்த வருஷங்கள் அவை. நான் திருக்கோவிலூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி எக்ஸ்சேஞ்சுக்கு வந்துகொண்டிருந்தேன். கல்யாணமாகவில்லை. குரல் மட்டும் கணீரென்று இருக்கும் என்பார்கள். அந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் நல்ல சேதி சொன்னதைவிட "லைன் கிடைக்கல, வெய்ட் பண்ணுங்க" என்று சொன்னதுதான் அதிகம்.

போனிடம் பேசிய அம்மா

மலேசியா டீச்சரை எனக்கு முதலில் குரலாகத்தான் தெரியும். கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைக்கு அப்பால், ஒரு சேவை அமைப்பு மலைப் பிள்ளைகளுக்காக விடுதியோடு பள்ளிக்கூடம் நடத்தியது. அங்கே சம்பளம் வாங்காமல் பாடம் சொல்லிக்கொடுக்கக் கடல் தாண்டி வந்தவர் புஷ்பலீலா. ஈப்போ பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். மலைமேல் போன் கிடையாது. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் இறங்கி, அடிவாரத்தில் கச்சிராயபாளையத்தில் இருந்த அமைப்பின் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து அம்மாவுக்கு டிரங்க்கால் போடுவார். அந்த லைன் எங்கள் இணைப்புப் போர்டுக்கு வரும். எங்களிடமிருந்து மெட்ராஸ், மெட்ராஸிலிருந்து கடல்.

அம்மா பெயர் அஞ்சலை. வீட்டில் போன் இல்லை, தோட்டத்து மளிகைக் கடையில்தான் உண்டு. அதனால் எப்போதும் பி.பி. கால்தான். குறிப்பிட்ட ஆள் வந்து போனை வாங்கினால்தான் பேச்சு தொடங்கியதாகக் கணக்கு. கடைக்காரர் ஆள் அனுப்பி, அஞ்சலையம்மா ரப்பர்ப் பால் வெட்டிய கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து, மூச்சு வாங்க "ஹலோ" என்பதற்குள் மெட்ராஸ் ஆபரேட்டர் என்னைப் பிடுங்கித் தின்றுவிடுவார்.

முதல் கால் கிடைத்த அன்று அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் என் ஹெட்செட் அதிர்ந்தது. "நான் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்." எப்படி இருக்கிறாய் என்று மகள் கேட்கவே இல்லை. மகள் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் மறுபடி அதே. கடைசியில் டொக்கென்று வைத்தும் விட்டார். நான் இந்தப் பக்கம் தயங்கி, "பேசி முடிச்சிட்டீங்களா மேடம்?" என்று கேட்டேன். டீச்சர் சிரித்தார். "எங்கம்மா என்கிட்ட பேசலக்கா, போன்கிட்ட பேசிட்டு வச்சிட்டாங்க."

அந்தக் கடைப் போன்

சிரித்தாரே தவிர, விஷயம் சிரிப்பதற்கில்லை என்று பிறகு தெரிந்தது. ஒருநாள் கள்ளக்குறிச்சியில் ஏதோ வேலையாக வந்தவர், குரலுக்குச் சொந்தக்காரியைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று எக்ஸ்சேஞ்ச் வாசலில் வந்து நின்றார். ஒல்லியாக, மலை வெயிலில் கறுத்து, இரட்டைச் சடை போட்டுக்கொண்டு. டீச்சர் என்று யாரும் நம்ப மாட்டார்கள். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். உங்கம்மா ஏன் அப்படிப் பதறுகிறார் என்று கேட்டேன்.

தோட்டத்தில் ஒரு மரம் முறிந்து விழுந்ததில் அப்பா போய்விட்டாராம். ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது அந்தக் கடைப் போனில்தான். அதற்கு முன்னால் அந்தப் போன் அஞ்சலையம்மாவைக் கூப்பிட்டதே கிடையாது. இப்போது மகள் பதினைந்து நாளுக்கொரு தரம் அதே போனில் கூப்பிடுகிறாள். கடைக்காரர் அனுப்பிய ஆள் வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் அந்த அம்மாளுக்குக் கால் விளங்காமல் போகிறது. கூப்பிடாவிட்டாலோ இன்னும் மோசம். "நீ கூப்பிடற சனிக்கிழமை எனக்கு சோறு இறங்குறதில்ல, கூப்பிடாத சனிக்கிழமை தூக்கம் வர்றதில்ல, இதுல எந்தச் சனிக்கிழமை நான் நல்லா இருக்கறதுன்னு எங்கம்மா கேக்குறாங்கக்கா."

லைட்னிங்

போன் வந்தாலே சாவு என்று நினைத்தது அந்த அம்மாள் மட்டுமல்ல. எங்கள் பக்கமும் அப்படித்தான். கால்களில் ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று சாதி உண்டு. லைட்னிங் என்றால் எல்லோரையும் தள்ளிவிட்டு முன்னால் போகும். சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் போடுவார்கள். மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஒரு கரும்பு விவசாயி வந்தார். மகன் பம்பாயில் மில் வேலை. "எது பெருசோ அதைப் போடும்மா, நமக்கு இன்னா கம்மி" என்றார். நான் எடுத்துச் சொன்னேன், கேட்கவில்லை. ஆலையில் கரும்புக்குப் பணம் வந்த மிதப்பு.

லைட்னிங் கால் என்று மேஸ்திரி சொல்லி மகன் மில்லிலிருந்து ஓடி வந்திருக்கிறான். "அம்மாவா? அம்மாவா?" என்பதைத் தவிர அவன் வாயில் வேறு வரவில்லை. அழுகையே வந்துவிட்டது. இவர் நிதானமாக, "இன்னாடா இப்பிடி மூச்சு வாங்குற, ஒடம்பு கிடம்பு செரியில்லையா?" என்று கேட்டார். அப்புறம் அவன் சொன்னது இது: "யப்பா, இனிமே யாருனா செத்தா ஆர்டினரில போடு, நல்லா இருந்தா கடுதாசி போடு."

மரம் விழுந்த வாரம்

மறியல் தொடங்கிய அன்று காலை நான் வந்த பஸ்தான் கடைசி பஸ் என்பது வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துக்கொண்டிருந்தார்கள். மரம் சும்மா விழாது, பக்கத்தில் போகும் எங்கள் கம்பியையும் இழுத்துக்கொண்டுதான் விழும். போர்டில் ஒவ்வொரு ஊராக ஊமையாகிக்கொண்டே வந்தது. முதலில் போனது திருக்கோவிலூர். என் வீடு. பிளக்கைச் செருகிச் செருகிப் பார்த்தேன், காதில் வெறும் இரைச்சல்தான். அப்பாவும் தம்பியும் என்ன ஆனார்களோ என்று நினைத்தவுடன் போர்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கூட இருந்த ஆபரேட்டர் வசந்தா என் ஹெட்செட்டைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டாள்.

உயிரோடு இருந்த லைன்களில் வந்ததெல்லாம் பயம்தான். குடிசை எரிகிறது என்று காலனிக்காரர்கள் கூப்பிட்டார்கள். போலீஸ் சுட்டுவிட்டதாமே, எங்க பையன் மறியலுக்குப் போனானே என்று இன்னொரு தெருக்காரர்கள் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான், எங்க புள்ளைங்களைப் பத்தி ஏதாவது சேதி வந்துதா? எனக்கு யார் சேதி சொல்வார்கள். சாயங்காலம் லைன்மேன் தணிகாசலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருடைய சொந்தக்காரர்களே மறியலில் இருந்தார்கள். எதற்கண்ணே நம் கம்பியை அறுக்கிறார்கள், நாம் யாருக்கு என்ன செய்தோம் என்று கேட்டேன். "அவுங்க கோவம் கவர்மெண்டு மேலம்மா, கம்பி அதுக்கு அடியில போய்க்கினு இருந்திச்சு, அவ்ளோதான்."

கோதண்டம் சொன்ன சேதி

மறுநாள் மத்தியானம் மெட்ராஸ் லைன் இருமிக்கொண்டே உயிர் பெற்றது. முதலில் வந்த கால் மலேசியாவிலிருந்து. கச்சிராயபாளையம் ஆபீசுக்கு, பி.பி., புஷ்பலீலா. கூப்பிடுவது அஞ்சலை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனைக் கண்டால் நடுங்குகிற அந்த அம்மாள், ரேடியோவில் எங்கள் பக்கத்துக் கலவரச் சேதியைக் கேட்டுவிட்டு, தானாகக் கடைக்கு நடந்து போய், வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தானே ஒரு கால் போட்டிருக்கிறார்.

கச்சிராயபாளையத்தில் போனை எடுத்தவர் ஆபீஸ் குமாஸ்தா கோதண்டம். வெள்ளந்தி மனுஷர். போனில் எதையும் இரண்டு தடவை சொன்னால்தான் போய்ச் சேரும் என்று நம்புகிறவர். டீச்சர் இல்லையென்றால் யாரோடாவது பேசுகிறேன் என்று அம்மாள் ஒப்புக்கொண்டதால் இணைத்துவிட்டேன். லைன் சரியில்லாததால் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எம்மவ எங்கங்க? லீலா எங்க?"

"டீச்சரம்மாவா? அவுங்க மலையேறிட்டாங்கம்மா."

"என்னா?"

"மலையேறிட்டாங்க, மலையேறிட்டாங்க. நேத்து காலையிலயே. நாங்க எவ்ளோவோ புடிச்சி வெச்சிப் பாத்தோம்மா, நிக்கல."

உங்களில் பலருக்கு இப்போதே நெஞ்சு திக்கென்றிருக்கும். எங்களுக்குத்தான் அது சாதாரணச் சொல். மலையடியில் இருப்பவர்கள் நாங்கள். பஸ் மலையேறும், ரேஷன் அரிசி மலையேறும், ஆடு மலையேறும், ஓட்டுப் பெட்டி மலையேறும். ஆனால் எந்த வீட்டிலும் விளக்கு அணைந்துவிட்டது என்று சொல்லக் கூடாதென்று, மலையேறிவிட்டது என்றுதானே சொல்கிறோம்? தோட்டத்தில் பிறந்து, மகள் இருப்பது மலைமேல் என்பதே மனதில் பதியாமல், விளக்குக்கும் சாமிக்கும் தவிர அந்தச் சொல்லைக் கேட்டிராத ஒரு தாய் அதை எப்படிக் கேட்டிருப்பார்? எனக்கு உறைப்பதற்கும், குறுக்கே பேசுவதற்கான போர்டுச் சாவியைத் தள்ளி நான் வாயைத் திறப்பதற்கும் இடையில் அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அழுகை என்று சொல்ல முடியாது. மூச்சு உள்ளே போன சத்தம். உடனே லைன் செத்துவிட்டது. எங்கோ இன்னொரு மரம். கச்சிராயபாளையம் பக்கம் மட்டும் இன்னும் உயிர் இருந்தது. அங்கே கோதண்டம் காலியான போனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒண்ணியும் கவலப்படாதீங்கம்மா, நல்லபடியா போய்ச் சேந்துட்டாங்க."

வேற இன்னா சொல்லுவாங்க

"என்ன காரியம் பண்ணினீங்க?" என்று நான் கேட்டதும் கோதண்டத்துக்குக் கோபம் வந்தது. "மலையேறிட்டாங்கன்னுதானம்மா சொன்னேன், மலையேறுனவங்கள வேற இன்னான்னு சொல்லுவாங்க?" என்றார். விளக்கு என்று ஒரு சொல் சொன்னேன். அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் அழத் தொடங்கிவிட்டார். எங்கள் மேற்பார்வையாளர் கன்னியப்பன் சார் தந்திக்கு முயற்சி செய்தார், அதுவும் அதே கம்பிதான். போலீஸ் ஒயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிப் போய்க் கேட்டார். அவர்கள் கைவசம் அன்றைக்கு வேறு சேதிகள் இருந்தன.

சரி, டீச்சர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாரல்லவா, அதைச் சொன்னது யார் என்று கோதண்டத்தைக் கேட்டேன். மறுபடி கேட்டேன். அப்போதுதான் வந்தது உண்மை. மேலே விடுதியில் பிள்ளைகள் சமையல்காரரோடு தனியாக இருக்கிறார்கள், அரிசி தீர்ந்துபோயிருக்கும் என்று டீச்சர் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். அமைப்பின் ஜீப்பில் அரிசி மூட்டையோடு கிளம்பினார். அதற்குப் பிறகு மேலேயிருந்து ஆள் வரவில்லை, தகவல் வரவில்லை. ஆனால் கீழே ஒரு பேச்சு வந்திருக்கிறது, மலைப்பாதை தொடங்குமிடத்தில் ஒரு ஜீப்பைக் கொளுத்திவிட்டார்களாம்.

அதுவரைக்கும் ஒரு தாய் தப்பாகப் புரிந்துகொண்டாளே என்றுதான் எனக்குப் பதைப்பு. இப்போது வேறு பயம் பிடித்தது. அவர் தப்பாகத்தான் புரிந்துகொண்டாரா? "கொளுத்துனது நம்ம ஜீப்பு இல்லன்னு எல்லாரும் சொல்றாங்கம்மா," என்றார் கோதண்டம், "ஆனா நம்ம ஜீப்பு இன்னும் திரும்பி வர்ல."

கம்பத்தின் மேல் தணிகாசலம்

மெட்ராஸ் லைன் எங்கள் எல்லையில் அறுந்திருந்தது நெடுஞ்சாலையில், சாய்ந்த மரத்துக்கு நேர் மேலே. அங்கே கூட்டம் உட்கார்ந்திருந்தது. கொஞ்ச தூரம் தள்ளிப் போலீஸ் லாரி நின்றது. இரண்டுக்கும் நடுவில் கம்பம். போக வேண்டாம், யார் எறிகிற கல் யார்மேல் விழுமோ, கல்லோடு நிற்குமோ நிற்காதோ என்று கன்னியப்பன் சார் தடுத்தார். தணிகாசலம் போனார். அவர் திரும்பும்வரை நானும் வசந்தாவும் வாசலுக்கும் போர்டுக்கும் நடந்தபடி இருந்தோம்.

வந்து சொன்னார். கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. கம்பியைக் கட்டினால் போலீசுக்குத்தான் சேதி போகும் என்று ஒருவன் சைக்கிளைப் பிடுங்கினான். தணிகாசலம் அந்த அம்மாள் கதையைச் சொல்லியிருக்கிறார். மலையேறிட்டாங்க என்று சொன்னதைச் சொன்னதும் ஒருவன் சிரித்துவிட்டானாம். சிரித்தவனுக்கே பிறகு முகம் தொங்கிவிட்டது. அவர்களில் வயதானவர் ஒருவர் சைக்கிளை வாங்கி இவர் கையில் கொடுத்தார். மேலே ஏறிய பிறகுதான் தணிகாசலத்துக்குப் பயமே வந்ததாம். லாரிப் பக்கமிருந்து பார்ப்பவனுக்கு நான் யாரென்று எங்கே தெரியும், கூட்டத்தில் ஒருத்தன் கம்பம் ஏறி என்னவோ செய்கிறான் என்றுதானே தெரியும் என்று நினைத்தபடியே கட்டியிருக்கிறார். ஏறும் முன்னால் அந்த வயதானவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "கம்பத்துல ஏறிக்கோ, அந்தம்மாவுக்கு சேதி சொல்லு, ஆனா மரத்து மேல மட்டும் கைய வெச்சிடாத."

பார்த்தீங்களா

லைன் வந்தது. கோதண்டம் மலேசியாவுக்குக் கால் போட்டார். ஆனால் இணைப்புக் கிடைத்ததும் பின்வாங்கிவிட்டார். "நீங்களே சொல்லுங்கம்மா, என் வாயைத் தொறந்தா எனக்கே பயமா இருக்குது" என்றார். ஆபரேட்டர் தன் பேச்சைப் பேசக் கூடாது. அது சட்டம். கன்னியப்பன் சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எடுத்தவர் கடைக்காரர் முத்தையா. அஞ்சலையைக் கூப்பிடுங்கள் என்றேன். "அந்தம்மா வராதுங்க" என்றார். கோதண்டத்தோடு பேசிய பிறகு கடையிலிருந்து தூக்கிக்கொண்டுதான் போனார்களாம். மகளின் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். எண்ணெய் குறையக் குறைய ஊற்றுகிறார். யாரையும் பக்கத்தில் விடுவதில்லை. இந்த விளக்காவது மலையேறாமல் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். எங்கள் ஊரில் நிஜமாகவே ஒரு மலை இருக்கிறது. கல்வராயன் மலை. லீலாவின் பள்ளிக்கூடம் அதன்மேல்தான் இருக்கிறது. அங்கே போனால் மலையேறிட்டாங்க என்போம். பஸ்ஸைக்கூட அப்படித்தான் சொல்வோம். அந்தக் குமாஸ்தா சொன்னது அவ்வளவுதான். முத்தையா, "அப்போ சாவு இல்லையா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அடுத்ததையும் கேட்டுவிட்டார். "நல்லா இருங்கம்மா, ஆனா நான் போயி சொல்லணும்ல, அது என்னையக் கேக்கும்ல, அந்தப் புள்ளைய நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

விளக்கு

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? பார்த்தேன் என்று சொல்ல நாக்கு வந்தது. ஜீப் நினைவுக்கு வந்தது. "மலைமேல இருக்காங்க, இறங்கினதும் பேசுவாங்க" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்த பிறகு அந்த வாக்கியத்தில் எத்தனை பொய் இருக்கிறது என்று எண்ணி எண்ணி எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. ஒரு பெண்ணை இரண்டு தடவை சாகடித்துத் தாய்க்குச் சேதி சொல்லும்படி ஆகிவிடக் கூடாதே என்று, கோமுகி அணைப் பக்கம் இருக்கிற சாமிகளில் ஒன்று விடாமல் வேண்டிக்கொண்டேன். வசந்தா கஞ்சி வாங்கி வந்தாள். இறங்கவில்லை.

அடுத்த நாள் காலை பத்து மணி வாக்கில் கால் வருகிறதென்று காட்டும் ஷட்டர் கச்சிராயபாளையம் லைனில் விழுந்தது. பிளக்கைச் செருகினால் கோதண்டம். என்ன, என்ன என்று நான் கத்தினேன். "எறங்கிட்டாங்க" என்றார். வழக்கம்போல இரண்டாவது தடவையும் சொன்னார். எரிந்தது அவர்கள் ஜீப்தானாம். ஆட்களை இறக்கிவிட்டுத்தான் கொளுத்தியிருக்கிறார்கள். டிரைவர் கரும்புக் காட்டுக்குள் ஓடி ஒளிந்திருக்கிறார். டீச்சர் மேலே நடந்திருக்கிறார். வழியில் இருக்கிற கரியாலூர் போகும்முன்பே செருப்பு அறுந்து, மீதி வழியை மலைக்காரர்கள் துணையோடு வெறுங்காலில் நடந்து பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார். இன்றைக்கு அம்மாவோடு பேச வேண்டுமென்று அதே காலோடு இறங்கி வந்திருக்கிறார். கீழே தன்னைப் பற்றி என்ன சேதி போயிருக்கிறது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

மெட்ராஸ் ஆபரேட்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். தினமும் என்மேல் எரிந்து விழுகிறவர் அன்றைக்கு வரிசையைத் தள்ளி எங்களுக்கு லைன் கொடுத்தார். முத்தையா தானே ஓடினார். நாங்கள் மூன்று பேர் மூன்று ஊரில் மூச்சு விடாமல் காத்திருந்தோம். போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, நான்தாம்மா. லீலா."

பதில் இல்லை.

"அம்மா, பேசும்மா."

"எங்கேருந்து பேசுற?" அந்தக் குரலில் சத்தமே இல்லை. இந்த அம்மாள் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"கச்சிராயபாளையம்மா. மலைலேருந்து இறங்கி வந்தேன்."

"எதுல வந்த?"

"நடந்துதாம்மா வந்தேன்."

அப்புறம் அந்தத் தாய் கேட்டார், "கால் வலிக்குதா?"

"ரொம்ப வலிக்குதும்மா. செருப்பு அறுந்துபோச்சு. பாதம் பூரா கொப்புளம்."

செத்தவர்களுக்குக் கால் தரையில் பாவாது என்று தோட்டத்திலும் சொல்வார்கள் போலிருக்கிறது. கொப்புளம் என்ற சொல்லைக் கேட்ட பிறகுதான் அந்த அம்மாள் வாய்விட்டு அழுதார். இங்கே மகள், அம்மா ஏன் அழுகிறார் என்று புரியாமல் தானும் அழுதார். மூன்று நிமிஷம் ஆனதும் குறுக்கே வந்து சொல்ல வேண்டியது என் வேலை. நான் சொல்லவில்லை, மெட்ராஸும் சொல்லவில்லை. அழுகைக்கு நடுவில் அஞ்சலையம்மா போனிலிருந்து முகத்தைத் திருப்பிக் கடைக்காரரிடம் பேசியது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"முத்தையா, வீட்டுக்கு ஆள் அனுப்பி அந்த விளக்க மலையேத்திடச் சொல்லுய்யா."

போர்டு போய், கம்பி போய், நானும் ஓய்வு பெற்றாகிவிட்டது, வெளிநாட்டில் இருக்கும் என் மகன் இப்போது நினைத்த நேரமெல்லாம் முகத்தைக் காட்டியே கூப்பிடுகிறான், ஒவ்வொரு தடவையும் அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு கேட்பது, "ஒண்ணும் இல்லையே?"